இரண்டாவது வணக்கம்

தொலைக்காட்சியில் ஏழரை மணிச் செய்தி வாசிக்கும் அறவாழி, தூத்துக்குடியில் மட்டும், கூப்பிய கையை இறக்காமல் காத்திருக்கத் தொடங்கிய அந்தச் சனிக்கிழமைக்கு வெகுகாலம் முன்பிருந்தே ஜெசிந்தா அவருக்குப் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அது ஊருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அரிசி களைந்துகொண்டிருந்தால் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, மீன் ஆய்ந்துகொண்டிருந்தால் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு, கிழிசல் தைத்துக்கொண்டிருந்தால் ஊசியைச் சுவர்க் காலண்டரில் குத்திவிட்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் செய்வதைப் போல எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி "வணக்கம் சார்" என்பாள். பிறகு உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பாள். அவர் வாசிக்கும் செய்தியில் பாதி அவள் காதில் விழாது. ஒரு மனிதர் நம் வீட்டுக்குள் வந்து கை கூப்பினால் நாமும் கூப்ப வேண்டும். அதற்குப் பிறகு அவர் என்ன பேசினாலும் அது அவர் பாடு என்பது அவள் எண்ணம்.

அவள் பழைய பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள். நிலையத்தின் பின்புறம், அலமாரியைச் சற்று அகலப்படுத்தியது போன்ற அறைக்குள், ஒலிபெருக்கிக்கு முன்னால் இளமையில் உட்கார்ந்தவள் அப்படியே ஐம்பதைத் தாண்டியிருந்தாள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கும் அந்தக் குரல் சொல்லித்தான் ஊர் பெண் பார்க்கப் போனது, பிரேதம் பார்க்கப் போனது, பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பி வந்தது. ஆனால் அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பலசரக்குக் கடையில் நின்று அவள் "அரைக் கிலோ உளுந்து" என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் ஒரு கணம் பதறிக் கீழே குனிந்து தன் பையைத் தேடுவார். வண்டி கிளம்புகிறது என்று அவர் காலுக்குத் தோன்றிவிடும். பிறகு நிமிர்ந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்து, அவளைப் பார்க்காமலே நகர்ந்துபோவார். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், நாள் தவறாமல் அவள் வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்ப்பவர் அறவாழி ஒருவர்தான்.

அந்த ஆசைதான் அவளைக் கடற்கரைச் சாலை ஐஸ் பேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. மீனுக்குப் போடும் ஐஸ் செய்துகொண்டிருந்த அந்தத் தொழிற்சாலையை மூடிப் பல வருஷங்கள் ஆகியும் சுவர்களைவிட்டுக் குளிர் போகவில்லை. சித்திரை வெயிலில்கூட உள்ளே போகிறவர்கள் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த, கல்லூரிக் காலத்தில் பிடித்த நாடகப் பைத்தியம் இன்னும் விடாத செல்வின் என்ற இளைஞன் அங்கே சனிக்கிழமைதோறும் யாருக்கும் புரியாத நாடகங்களைப் போட்டுவந்தான். ஒன்றில் எல்லோரும் நாற்காலிகளிடம் பேசினார்கள். ஒன்றில் யாரும் யாரிடமும் பேசவில்லை. இரண்டுக்கும் கூட்டம் ஒரே அளவுதான் வந்தது. இந்த முறை சிரிப்பு நாடகம் என்று சொல்லி ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

நாடகத்தின் பெயர் 'அறவாழியின் நாலு சம்சாரம்'. ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் நாலு பெண்கள். செய்தி வாசிக்கும் அறவாழி தன் புருஷன் என்று நாலு பேருக்கும் நினைப்பு. தினமும் தன்னைப் பார்த்துத்தானே வணக்கம் சொல்கிறார், தன்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறார், அந்த நேரத்தில் வேறு எங்கே பார்க்கிறார்? காம்பவுண்டுக்கு இருப்பதோ ஒரே பெட்டி. அதன் முன்னால் நடக்கும் குடுமிப்பிடிச் சண்டைதான் நாடகம்.

மூத்த சம்சாரமாக நடித்தவர் ஐஸ் பேக்டரியின் காவலாளி கோயில்பிள்ளை. மீசையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "எங்க வீட்ல உள்ளவ இந்த மீசையப் பாத்துதான் கழுத்த நீட்டுனா. கலைக்காக அவள நான் ஏமாத்த முடியாது பாத்துக்கோ" என்றார். மீசையும் கண்டாங்கிச் சேலையுமாக அவர் மாரில் அடித்துக்கொண்டு, "வாரதே அரை மணி நேரம்! அதுலயும் பாதி நேரம் விளம்பரத்துக்குப் போயிருதாரே, பாவி மனுஷன்!" என்று அழுவார். இரண்டாவது சம்சாரம் அழகு நிலையம் நடத்தும் மரியசெல்வி. "எனக்கு மட்டுந்தான் அவரு மழை வருமா வராதான்னு சொல்லுதாரு. ஒனக்கு என்னைக்காவது கொடை எடுத்துட்டுப் போன்னு சொல்லியிருக்காராடி?" என்று அவள் கையை நீட்டுவாள். மூன்றாவதாக வந்த கல்லூரிப் பெண் இடுப்பில் கை வைத்து, "மேசைக்கு அந்தப் பக்கம் அவருக்குக் காலு இருக்கா இல்லியான்னே தெரியாது. என்னத்தடி குடும்பம் நடத்துதீய?" என்று கேட்டால் ஒத்திகையிலேயே எல்லோரும் தரையில் விழுந்து சிரிப்பார்கள்.

நாலாவது சம்சாரம் ஜெசிந்தா. அவளுக்கு நாடகம் முழுக்கப் பேச்சே கிடையாது. கடைசியில் நாலு பேரும் கோபித்துக்கொண்டு பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்புவார்கள். அப்போது நாலாமவள் மட்டும் கூட்டத்தைப் பார்த்து, "சரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோர் முகத்துக்கும் தன் முகத்தைக் காட்டியபடி நடுவழியே நடந்து தெருவுக்குப் போய்விடுவாள். அதோடு நாடகம் முடிந்தது. ஒரு வரி. ஆனால் அந்த வரி அவள் வாயில் நுழையவில்லை.

"சரி, நான் போயிட்டு வாரேன்" என்பாள்.

"அக்கா, வராதீங்க" என்பான் செல்வின். "போங்க. திரும்பி வாரதுக்கு இல்ல. போறேன்."

"வெளிய கெளம்பும்போது போறேன்னு எப்பிடி தம்பி சொல்லுவாங்க? வெளங்குமா?"

"அவ வெளங்கிட்டா அக்கா. அதனாலதான் சொல்லுதா."

அதை அவள் பேருந்து நிலைய அறையில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நடையையும் பழகினாள். அறை அலமாரி அளவு என்பதால் நின்ற இடத்திலேயே நடந்தாள்.

செல்வின் ஒரு வித்தை வைத்திருந்தான். மேடையில் உண்மையான தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும், நாடகம் ஏழரைக்குச் சற்று முன்னால் தொடங்கும், உண்மையான அறவாழி நேரலையில் வந்து வாசிக்கும் அன்றைய செய்திகளே சம்சாரங்களின் கேள்விகளுக்குப் பதிலாக அமையும், அவர் கடைசியில் 'நன்றி, வணக்கம்' என்று கை கூப்பியதும் நால்வரும் முதுகைக் காட்டுவார்கள். ஆனால் ஒத்திகைகள் காலை வேளைகளில் நடந்ததால் பெட்டியில் அறவாழி இல்லை. செல்வினே ஓர் அட்டைச் சட்டத்துக்குள் முகத்தை நுழைத்து, நேரம் மிச்சப்படுத்த முன்பகுதியை விட்டுவிட்டு, கடைசி வணக்கத்தை மட்டும் சொல்லுவான், நால்வரும் திரும்புவார்கள். அட்டையில் அவன் எழுதி ஒட்டியிருந்ததும் அப்படித்தான்: 'அறவாழி வணக்கம் சொன்னதும் நால்வரும் திரும்புக.' வருவதற்கும் போவதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்பது அந்தக் குளிரில் யாருக்கும் உறைக்கவில்லை.

முதல் நாள் சனிக்கிழமை. தலையில் துண்டும் மஃப்ளருமாகக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஏழரைக்கு இசை ஒலித்தது, அறவாழி வந்தார், கை கூப்பினார், "வணக்கம்" என்றார். தங்களுக்குத் தெரிந்த ஒரே வணக்கம் அதுதான் என்பதால் நாலு சம்சாரங்களும் விசுக்கென்று முதுகைக் காட்டித் திரும்பினார்கள்.

வாழ்நாளில் முதல் தடவையாக ஜெசிந்தா அவருக்குப் பதில் சொல்லவில்லை.

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு தேய்ந்தது. முக்கியச் செய்திகள் என்ற சொல் வரவில்லை. தரையைப் பார்த்து நின்ற ஜெசிந்தாவின் பிடரியில் யாரோ பார்ப்பது போலக் குறுகுறுத்தது. தெருவிலிருந்து டீக்கடை ஜெயபாண்டி அண்ணாச்சியின் குரல் கேட்டது: "என்ன வே, டிவி நின்னு போச்சா?"

"நிக்கல அண்ணாச்சி. கண்ணு சிமிட்டுதாரு பாருங்க."

"அப்போ என்னத்துக்கு வே கும்புட்டுட்டே இருக்காரு?"

அந்த நேரம் ஊரில் எந்தப் பெட்டியைப் போட்டாலும் அறவாழி கூப்பிய கையோடு இருந்தார். மின்விசிறிக் காற்றில் அவர் முன்னால் கிடந்த தாள் படபடத்தது, அவர் சுவாசித்தார், சிரித்தார், சிரிப்பு மெல்லக் குறைந்து, தெரிந்த வீட்டு வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்காத மனிதரின் முகம் வந்தது. மதுரையில் இருந்த தன் அண்ணனுக்கு மரியசெல்வியின் அம்மா போன் போட்டுக் கேட்டபோது, அங்கே அறவாழி எப்போதோ அணைக்கட்டு நீர்மட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

ஜெசிந்தாவால் அதற்கு மேல் முடியவில்லை. திரும்பினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, கை கூப்பி, "வணக்கம் சார். மன்னிச்சிருங்க" என்றாள். ஊரே வண்டிச் சத்தத்துக்கு நடுவே கேட்டு வளர்ந்த அந்தக் குரலில். அறவாழி கையை இறக்கினார். "முக்கியச் செய்திகள்" என்றார்.

நாடகம் நடந்து முடிந்தது. முடிவில் அவர் இரண்டாவது வணக்கம் சொன்னபோது மூன்று பேர் திரும்பினார்கள். பயந்துபோயிருந்த ஜெசிந்தா திரும்பவில்லை. பெட்டியைப் பார்த்துக் கை கூப்பியபடியே நின்றாள். கூட்டம் அதுதான் கதை போலிருக்கிறது என்று கை தட்டியது. செல்வின் மட்டும் தட்டவில்லை.

மறுநாளும் அறவாழி காத்திருந்தார். அதற்கு மறுநாளும். இரண்டொரு நாளில் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தண்ணீர் வரும் நேரம், மின்சாரம் போகும் நேரம் போல இதுவும் ஒன்று. அவளுக்கு மாலை வேலை உள்ள நாட்களில், ஏழரை நெருங்கும்போது பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் இருந்த பெட்டியின் முன்னால் வழி விடுவார்கள், ஜெசிந்தா தன் அறையிலிருந்து வந்து கை கூப்பிவிட்டுப் போவாள், ஊர் முழுக்கச் செய்தி தொடங்கும். அவளுக்குச் சளி பிடித்தால் ஊரே கஷாயம் காய்ச்சியது. வீட்டில் இருக்கும் நாளில் அவள் குளித்துக்கொண்டிருந்தால், "ஏட்டி, மாப்பிள்ளை வாசல்ல நிக்காரு, சீக்கிரம் வா" என்று பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். ஆம், மாப்பிள்ளை. நாடகம் பார்த்தவர்கள் கேலியாக ஆரம்பித்தது, பிறகு கேலி கழன்று உறவு மட்டும் நின்றது. நம் ஊர்ப் பெண்ணிடம் இவ்வளவு மரியாதையாகக் காத்து நிற்கிறவர் நம் மாப்பிள்ளை அல்லாமல் வேறு யார் என்று, வீடுகளில் பெட்டியின் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு தட்டில் மக்ரூனும் வைக்கத் தொடங்கினார்கள். செய்தி முடிந்ததும் பிள்ளைகள் அதைத் தின்றார்கள். தேர்தல் முடிவு வரும் நாளில், தோற்கப்போவது தெரிந்த வேட்பாளர் ஒருவர் மாலையும் கையுமாக வந்து, "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் கும்பிடாம இருந்தீங்கன்னா நான் இன்னும் தோக்கலன்னு வீட்ல போயி ஒரு வாய் சோறு திம்பேன்" என்று கேட்டார். அவள் அவர் சாப்பிட்டு முடிக்கும் அளவுக்கு மட்டும் தாமதித்தாள்.

அப்படியாக அந்த ஊருக்குச் செய்திகள் நாட்டின் மற்ற இடங்களைவிடச் சற்றுத் தாமதமாகவே வந்தன. மற்ற ஊர்களில் செத்துப்போனவர்கள் தூத்துக்குடியில் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒரு ஆறுதல் இருந்ததை வெளியே சொல்லாவிட்டாலும் எல்லோரும் உணர்ந்திருந்தார்கள்.

கச்சான் காற்று பேயாக அடித்த ஒரு மாலையில், மீன் விற்கும் அமலி தலைவிரி கோலமாகப் பேருந்து நிலையத்துக்கு ஓடி வந்தாள். அவள் புருஷன் போன வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. அவள் ஜெசிந்தாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கூப்ப விடாமல் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்க அக்கா. அவரு வாய்ல செய்தி வாராத வரைக்கும் அவுக கடல்லதான இருக்காவ. கடல்ல இருக்க ஆளு வருவாங்கல்லா?"

ஜெசிந்தா சொல்லவில்லை. அறவாழி காத்திருந்தார். ஊரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சோறு போட்ட தட்டுகள் அப்படியே இருக்க, எல்லோரும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து காத்திருந்தார்கள். பேருந்துகள் அறிவிப்பில்லாமல் நின்றன, ஓட்டுநர்கள் இறங்கி வந்து கூடத்தில் நின்றார்கள். அவருக்கு யார் சொன்னார்களோ, சிரிப்பை மட்டும் அணைத்துவிட்டு, கூப்பிய கையை மார்போடு இன்னும் சற்று உயர்த்தி, பிரார்த்திப்பவரைப் போல அறவாழி இருந்தார். நெற்றியோரம் வியர்வை இறங்கியது. விரல் நுனிகள் நடுங்கத் தொடங்கின. முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளலாம், அவர் ஊன்றவில்லை.

கடைசியில் கோயில்பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்தார். "வள்ளம் வந்துட்டு! எல்லாரும் வந்துட்டானுவ! ஏ அமலி, ஒம் புருஷன் பீடி கேக்கான்!"

அமலி கைகளை விட்டாள். ஜெசிந்தா கூப்பினாள். அறவாழி கையை இறக்கி முதல் செய்தியை வாசித்தார்: தூத்துக்குடி அருகே கடலுக்குச் சென்ற படகு குறித்து இதுவரை தகவல் இல்லை. கண்ணீரும் மூக்குமாக ஊரே சிரித்தது.

ஆனால் அன்றைக்குத் தொடங்கிய நடுக்கம் அவர் விரல்களைவிட்டுப் போகவில்லை. தாளைப் புரட்டும்போது தெரியும். மற்றவர்கள் அதைப் பார்த்தார்களோ என்னவோ, ஜெசிந்தா தினமும் பார்த்தாள். அதிலிருந்து ஒரு கணமும் தாமதிக்காமல் கை கூப்பினாள்.

சனிக்கிழமைகளில் நாடகம் தொடர்ந்து நடந்தது. மாப்பிள்ளையை நேரில் பார்ப்பது போல என்று கூட்டம் நிரம்பி வழிந்தது. முதல் வணக்கத்துக்கு நால்வருமே ஒழுங்காகக் கும்பிட்டார்கள். இரண்டாவது வணக்கத்துக்கு மூன்று பேர் திரும்புவார்கள், ஜெசிந்தா நின்றுவிடுவாள். அவருக்கு முதுகைக் காட்ட அவளால் முடியவில்லை. அந்த ஒரு வரி, அந்த நடை, கூட்டத்துக்குக் காட்ட வேண்டிய அந்த முகம், எல்லாம் அவளுக்குள்ளேயே கிடந்தன.

"நாடகம் நொண்டுது அக்கா" என்றான் செல்வின் ஒரு நாள், கோபமில்லாமல். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ இன்னும் வெளிய போகல."

"நான் திரும்புனா அவரு மறுபடியும் நின்னுட்டாருன்னா? கை நடுங்குதுப்பா அவருக்கு."

செல்வின் அட்டைச் சட்டத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வானிலைக்குப் பிறகு, அறவாழி தாளிலிருந்து தலையைத் தூக்கி, வருகிற சனிக்கிழமையோடு தாம் ஓய்வு பெறுவதாகச் சொன்னார். ஊரில் பல வீடுகளில் அன்றைக்கு மக்ரூனைப் பிள்ளைகள்கூடத் தொடவில்லை.

டீக்கடையில் ஆலோசனை நடந்தது. ஜெசிந்தா தம்ளரோடு ஓரமாக நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

"அக்கா சனிக்கிழமை கும்பிடாம இருந்துட்டா?" என்றார் ஒருவர்.

"இருந்துட்டா செய்தி தொடங்காது" என்றார் ஜெயபாண்டி அண்ணாச்சி, ஆற்றிக்கொண்டே. "தொடங்காட்டி முடியாது. முடியாட்டி மாப்பிள்ளை எங்க வே போவாரு? நம்ம வீட்லயேதான் இருப்பாரு."

"எப்பவுமா?"

"எப்பவும். காலைல எந்திரிச்சா அவரு முகம். வேற என்ன வேணும்?"

"கை வலிக்காதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஆற்றுவதை நிறுத்தினார். "பழகிரும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

தம்ளரை வைத்துவிட்டு ஜெசிந்தா நடந்தாள். அவர்கள் சொன்னது தப்பென்று அவளுக்குத் தோன்றவில்லை. தப்பென்று தோன்றாததுதான் அவளைப் பயமுறுத்தியது. அவர் போய்விட்டால் ஏழரை மணிக்கு அவள் வீட்டுக்கு யார் வருவார்கள்? எதற்காக அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பாள்? கூப்பாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

சனிக்கிழமை ஐஸ் பேக்டரியில் கால் வைக்க இடமில்லை. உள்ளே வர முடியாதவர்கள் ஜன்னல்களில் தொங்கினார்கள். அத்தனை பேர் மூச்சிலும் சுவர்களின் குளிர் குறையவில்லை. இசை ஒலித்தது. அறவாழி வந்தார். அன்றைக்குப் பட்டுச்சட்டை போட்டிருந்தார். "வணக்கம்" என்றார்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தது. ஆனால் அவள் கை தானாகவே கூடிவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம் யோசிப்பதற்கு இடம் கொடுக்கவில்லை. "வணக்கம் சார்." ஒரு பெருமூச்சு கூடத்தைக் கடந்து போனது. செய்தி தொடங்கியது, நாடகமும் தொடங்கியது. கோயில்பிள்ளை மாரில் அடித்துக்கொண்டு அழுதார், அன்றைக்கு உண்மையாகவே அழுதார், மீசை நனைந்தது. "காலு இருக்கா இல்லியான்னு கடைசி வரைக்கும் காட்டாமலே போறாரேடி!" என்று மூன்றாமவள் கேட்டபோது ஜன்னலில் தொங்கியவர்கள்கூடச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். வானிலை வந்தது. மழைக்கு வாய்ப்பில்லை. அறவாழி தாள்களை அடுக்கித் தட்டி ஓரமாக வைத்தார். நேராகப் பார்த்தார்.

"நன்றி. வணக்கம்."

மூன்று பேர் திரும்பினார்கள். ஜெசிந்தா நின்றாள். வழக்கமாக அந்த இடத்தில் இசை வரும், அவர் மறைவார், விளம்பரம் வரும். அன்றைக்கு இசை வரவில்லை. அறவாழி கூப்பிய கையோடு அப்படியே இருந்தார்.

முதலில் புரிந்துகொண்டவள் அமலி. "அக்காவுக்காக நிக்காரு" என்றாள் மெல்ல. இத்தனை நாளும் நாளைக்கு வருகிறவர் என்பதால் இரண்டாவது வணக்கத்துக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு வேண்டும்.

"சொல்லாதீங்க அக்கா" என்றது ஜன்னலிலிருந்து ஒரு குரல். "சொல்லாத தாயி." "நம்ம மாப்பிள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும்." "அவரும் போக மனசில்லாமத்தான நிக்காரு?" குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, யாரும் மிரட்டவில்லை, எல்லோரும் கெஞ்சினார்கள், அந்தக் கெஞ்சலில் அவள் குரலும் ஒன்றாக இருந்தது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். நடுங்கியது. அமலியின் புருஷனுக்காக அன்றைக்கு ஊன்றாமல் பிடித்திருந்த அதே முழங்கைகள் இன்றைக்கும் மேசையைத் தொடவில்லை. காதோரம் மை பூசாமல் விட்ட நரை தெரிந்தது. வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்தே வைத்திருப்பது என்ன மரியாதை? தன் குரலைக் கேட்டுப் பையைத் தேடிக் குனிந்த அத்தனை பேரையும் அவள் நினைத்துக்கொண்டாள். எல்லோரையும் உரிய நேரத்தில் அனுப்பி வைப்பதைத்தானே அவள் காலமெல்லாம் செய்து வந்திருக்கிறாள்?

அவள் கை கூப்பினாள். "வணக்கம் சார்" என்றாள். அவர் இன்னும் கையை இறக்கவில்லை. போயிட்டு வாங்க என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் வர வேண்டியிருக்கும். வந்து வந்து கை கூப்ப வேண்டியிருக்கும். அவள் அதை விழுங்கினாள்.

"போங்க சார்" என்றாள்.

பிறகு திரும்பினாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டி நின்றாள். எந்த ஒத்திகையிலும் வாயில் நுழையாத அந்த வரி, ஓர் எழுத்து கூடுதலாக, தானாக வந்தது.

"சரி, நானும் போறேன்."

நடுவழியே நடந்தாள். அவர் கையை இறக்கியதை அவள் பார்க்கவில்லை. எதிரே இருந்த முகங்கள் எல்லாம் ஒன்றாகத் தளர்ந்ததைப் பார்த்தாள், இசை ஒலித்ததைக் கேட்டாள். பிறகு அந்த முகங்கள் பெட்டியைவிட்டு ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. இத்தனை நாளும் மாப்பிள்ளையையே பார்த்தவை, இந்தக் குரலுக்கு இப்படியொரு முகமா என்று பார்த்தன. கோயில்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே வழி விலக்கினார். கதவோரம் நின்ற செல்வின் கை தட்டினான், முதல் தடவையாக. அவள் அவனைத் தாண்டி வெளியே போனாள். தெருவில் காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் ஏழரைக்கு ஓர் இளம்பெண் வந்தாள். வணக்கம் என்றாள், யாருக்கும் காத்திருக்காமல் செய்திக்குப் போய்விட்டாள். "சின்னப்பிள்ள. பழகிரும்" என்றார் ஜெயபாண்டி அண்ணாச்சி, தண்ணீர்த் தம்ளரைப் பெட்டியின் முன்னால் தள்ளி வைத்தபடி.

ஜெசிந்தா அதைப் பார்க்கவில்லை. தன் அறையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் ஏழரையைக் காட்டியதும் கை தானாக உயர்ந்தது; கூப்ப ஆளில்லாமல் நின்றது. உடன்குடி வண்டி கிளம்ப வேண்டும். அவள் பொத்தானை அழுத்தினாள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன வாய் அன்றைக்கு வேறொன்றைச் சொன்னது.

"வணக்கம்" என்றாள்.

சொன்ன பிறகு மேலே எதுவும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். வெளியே வேர்க்கடலை விற்பவனின் சத்தம் நின்றது. ஆரன்கள் நின்றன. ஜன்னல் என்று சொல்ல முடியாத அந்தச் சின்னத் திறப்பின் வழியே அவள் எட்டிப் பார்த்தாள். பேருந்து நிலையமே அவள் பக்கம் திரும்பி, மூட்டைகளையும் தூக்குவாளிகளையும் கீழே வைத்துவிட்டு, கூப்பிய கையோடு நின்றுகொண்டிருந்தது. உடன்குடி வண்டியின் படியில் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும் இரண்டு கையிலும் இரண்டு கோழிகளைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். அவரைப் பார்த்தாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, கோழிகளைத் தரையில் விட்டுவிட்டு, நிமிர்ந்து, கை கூப்பினார்.

கோழிகள் பிடிபட்ட பிறகுதான் உடன்குடி வண்டி கிளம்பியது.